கறுப்புக் களைய வராதவள்

வில்காபாத்தா
12 ஜூன் 1957

அன்புள்ள மதினி எர்மீனியா அவர்களுக்கு,

சந்தியாகப்பர் காவலில் நானும் தெலியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லிமாவின் ஈரக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று போன வருஷம் எழுதியிருந்தீர்கள். தெலியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் அசல் அவள் அப்பாதான்.

வருகிற ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியோடு உங்கள் தம்பி லாரியோடு பள்ளத்தில் விழுந்து இறந்து ஒரு வருஷம் நிறைகிறது. பூசைக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. பூசை முடிந்ததும் வீட்டு முற்றத்தில் கறுப்புக் களைய வேண்டும். செத்தவருடைய ரத்தத்தில் ஒருவர் வந்து என் கறுப்பைக் கழற்றி, நிறத் துணி உடுத்திவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெலியா சிறுபிள்ளை, கோயிலில் முதல் அப்பமாகிய புது நன்மை இன்னும் வாங்கவில்லை, அவள் தொடக்கூடாது. மாமா, மாமி இரண்டு பேருமே இல்லை. கசியானோவுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சோள பீருக்கு ஊறப்போட ஆள் சொல்லிவிட்டேன். விருந்துக்கு எட்டு கினிப்பன்றி வளர்கின்றன. யாழ்க்காரரும் வயலின்காரரும் வருவதாகச் சொன்னார்கள். உடுத்திவிடப் பச்சைக் கம்பளிப் பாவாடை ஒன்று தயாராக இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும். வெள்ளிக்கிழமை பஸ் காலை பதினொரு மணிக்கு வந்துவிடும், பூசையையும் அதற்குத் தகுந்தாற்போல வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் எசமானி அம்மாளுக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள். நான்கு நாள் விடுப்புக் கொடுக்க மாட்டார்களா என்ன?

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
விசெந்தா


லிமா
3 ஜூலை 1957

விசெந்தாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் இருக்கிறேன். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது. தெலியாவுக்கு என் முத்தங்கள்.

பச்சைப் பாவாடையா? அதற்குள் பாவாடை வரை போயாயிற்றா? என் தம்பியின் கல்லறை மண் இன்னும் இறுகியிருக்காது. நீ கினிப்பன்றிக் கணக்கு எழுதுகிறாய், யாழ்க்காரர் பெயர் எழுதுகிறாய். கசியானோவின் பெயரை இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு தரம் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்தப் பச்சையைச் சாயம் போட்டது யார்? எனக்கும் ஊரில் கண் இருக்கிறது. ரொட்டிக்கார ரெமேதியா எனக்கு எழுதுவாள். உன் கறுப்பைச் சாயம் போட்டுக் கொடுத்தவனே இப்போது பச்சையும் போட்டுக் கொடுக்கிறானாமே. சாவுத் துணி கொண்டுபோன இடத்தில் உனக்கு என்ன சோலி? எந்த ஊர்க்காரனோ, மணிக்கட்டு வரை கறுத்துப்போன கை வேறு. அந்தக் கை எங்கெல்லாம் பட்டது என்று ஊருக்கே தெரியும் என்கிறாள் ரெமேதியா.

பெற்றவர்கள் போனபின் அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டவள் நான். அவனை அடக்கம் செய்த அன்று என்னால் வர முடியாமல் போனது என் கெட்ட காலம். பெருமழை, மலை சரிந்து பாதை அடைத்துவிட்டது. இல்லாவிட்டால் குழியில் முதல் பிடி மண் என் கையால் விழுந்திருக்கும்.

ஆகஸ்டில் எசமானி வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். என்னால் வர முடியாது. என்னைத் தவிர வேறு யாரும் அந்தக் கறுப்பைத் தொடவும் கூடாது. இதைச் சாமியாருக்கும் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கசியானோவின் அக்கா
எர்மீனியா


வில்காபாத்தா
18 ஜூலை 1957

மதினி அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் எசமானி வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம். உறைபனி மட்டும் அதிகம்.

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். ஆமாம், பச்சையைப் போட்டது பாஸ்குவால்தான். ஆமாம், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ரெமேதியா எழுதியதில் இந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவள் அடுப்புப் புகை.

எப்படி நடந்தது என்பதையும் என்னிடமே கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கறுப்பு வாங்க வழியில்லாமல் இருந்த ஐந்து துணியையும் அவரிடம் கொண்டுபோனேன். கொப்பரையில் துணியைக் கிண்டும்போது அவர் எண்ணிக்கொண்டே இருப்பார். ஐந்நூறு வரை எண்ணினால்தான் கறுப்பு நிற்குமாம். அன்று நான் அழுததில் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. மூன்று மாதம் கழித்து மழையில் வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோனேன். ஏதோ கேட்டேன், மறுபடி தவறிற்று, மறுபடி ஒன்று. நான்காம் முறை போனபோது எண்ணுவதையே நிறுத்திவிட்டு, "நீங்க பேசுங்க, துணி எங்கேயும் ஓடிப்போயிடாது"ன்னார். மதினி, கசியானோ நல்லவர். என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் பத்து வருஷத்தில் ஒரு நாளும் என்னைப் பேசு என்று சொன்னதில்லை. இதைச் சொல்வதால் அவருக்குக் குறைவில்லை. எனக்கு எது கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். சாமியாரிடம் போனோம். "கறுப்போட வர்றவளுக்கு நான் கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன். ஊரு என்னைக் கல்லால அடிக்கும். முறைப்படி கறுப்புக் களைஞ்சிட்டு வாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமையே முதல் ஓலை"ன்னு சொல்லிவிட்டார். ஆக எல்லாம் உங்கள் இரண்டு கையில் இருக்கிறது.

ஊரில் அவருக்கு வேலை வருவது நின்றுபோயிற்று. கொப்பரையில் யாரோ சாணியைக் கரைத்துவிட்டிருந்தார்கள். இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார் என்று தெரியாது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். என்னை வாழ்த்த வேண்டாம். வந்து கழற்றிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

உங்களுக்காகக் காத்திருப்பேன்.

விசெந்தா


லிமா
1 ஆகஸ்ட் 1957

விசெந்தாவுக்கு,

நலம். நலம்தானே.

என் தம்பி பேசச் சொன்னதில்லையாம். உன் வாயை யார் தைத்து வைத்தார்கள்? அவன் லாரியில் கிடந்து முதுகு ஒடிந்தது நீ உட்கார்ந்து பேசுவதற்கா? செத்தவனைத் தராசில் போட்டு, இன்னொரு தட்டில் ஒரு சாயக்காரனை வைத்து நிறுத்துப் பார்க்கிறாய். உனக்கு எப்படிக் கை வந்தது?

நான் வரமாட்டேன். விருந்தாளிகள் வந்தாலும் வராவிட்டாலும் வரமாட்டேன். என் காலில் விழ வேண்டாம், என் கால் ஏற்கனவே வலிக்கிறது.

பூசைக் காணிக்கையை மட்டும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மெழுகுவர்த்தி பெரியதாக வாங்கு.

கசியானோவின் அக்கா
எர்மீனியா


வில்காபாத்தா
14 ஆகஸ்ட் 1957

மதினி அவர்களுக்கு,

தெலியாவுக்குக் கொஞ்சம் இருமல், வேறு குறையில்லை. உங்களுக்குச் சுகமே வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது பத்தாம் தேதி. பூசை ஒன்பதாம் தேதி. அதனால் ஒன்பதாம் தேதி முழுக்க நீங்கள் வருவீர்கள் என்றுதான் இருந்தேன். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரெமேதியாவும் எழுதியிருப்பாள், ஆனால் அவள் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாள்.

பூசை முடிந்து ஊரே முற்றத்தில் வந்து உட்கார்ந்தது. நடுவில் நாற்காலி போட்டு அதன்மேல் பச்சைப் பாவாடையை மடித்து வைத்திருந்தேன். யாழ்க்காரர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்த சத்தம் கேட்டது. தெலியாவை ஓடச் சொன்னேன். அவள் போய்விட்டு வந்து, "அம்மா, அத்தை எறங்கல. ரெண்டு கோழியும் ஒரு போலீஸ்காரரும்தான் எறங்குனாங்க"ன்னாள்.

"ஏம்மா விசெந்தா, லிமாக்காரி வரலியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பஸ் வழியில பழுதாயிருக்கும், அடுத்ததுல வருவாங்க"ன்னேன்.

"எந்தப் பஸ்ஸு? டிரைவரு இதோ உக்காந்து உன் சூப்பைத்தானே குடிச்சிட்டிருக்கான்!"

அப்படி ஒரு சிரிப்பு. டிரைவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் முழித்தார். ரெமேதியா எழுந்து நின்று, "இதுக்குப் போயி லிமாவுலருந்து ஆள் வரணுமா? சாயக்காரனையே கூப்பிட்டு உரிக்கச் சொல்லுங்க, அவனுக்குத்தான் கைப்பழக்கம்" என்றாள். பாஸ்குவால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எல்லாரும் திரும்பி அவர் கையைப் பார்த்தார்கள். அவர் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இனி சாகிறவரை எனக்கு அது மறக்காது.

சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு, "நாத்தனார் வரட்டும் மகளே. அவங்க இல்லாம ஓலை இல்ல" என்று போய்விட்டார். எட்டு கினிப்பன்றியும் தின்று தீர்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் போனார்கள். யாரும் ஆடவில்லை. யாழ்க்காரர் பேசிய கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார், அந்த இரக்கம்தான் எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

நான் இன்னும் கறுப்பில்தான் இருக்கிறேன். உங்கள் மனம் குளிர்ந்ததா?

விசெந்தா


லிமா
6 அக்டோபர் 1957

விசெந்தாவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். தெலியாவின் இருமலுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தேய்.

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. உன் மேல் துப்பட்டா வெளுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். நல்ல கறுப்புக் கம்பளியில் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். இது எந்தச் சாயக்காரன் கையிலும் பட்டதில்லை. கடைச் சரக்கு, வெளுக்காது, மறுபடி மறுபடி கொப்பரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டாம் வருஷத்துக்கு இதை உடுத்து. மூன்றாம் வருஷத்துக்கும் தாங்கும் என்றான் கடைக்காரன்.

கல்லறைத் திருநாளுக்கு அவன் கல்லறையில் வைக்கும் ரொட்டியில் சோம்பு போடு. அவனுக்குப் பிடிக்கும். உனக்கு மறந்திருக்கும்.

கசியானோவின் அக்கா
எர்மீனியா


வில்காபாத்தா
10 நவம்பர் 1957

மதினி அவர்களுக்கு,

சுகம் கேட்டு எழுதுவது வழக்கம், கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோம்பு போட்டேன். எனக்கு மறக்கவில்லை. துப்பட்டாவும் வந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது தெலியா கூடவே இருந்தாள். "அம்மாவுக்கு அத்தை புதுசு அனுப்பிருக்காங்க!"ன்னு கை தட்டினாள். குழந்தைக்கு என்ன தெரியும்? உங்கள் வயதுக்கு நீங்கள் இப்படி ஒரு பொட்டலம் கட்டியிருக்க வேண்டாம்.

கேளுங்கள். கல்லறைத் திருநாள் அன்று உருளைக்கிழங்கு லாரிக்கார எலாதியோவைச் சந்தித்தேன். போன வருஷம், கசியானோ போய் இரண்டு வாரம்கூட ஆகாதபோது, அவர் லிமாவில் உங்கள் எசமானி வீட்டுத் தெருச் சந்தையில் மூட்டை இறக்கினாராம். உங்களைப் பார்த்தாராம். "எர்மீனியா மேடம் தலையில வெள்ளைக் குல்லா, வெள்ளை உடுப்பு, வெள்ளை ஏப்ரன், கஞ்சி போட்டு மொடமொடன்னு. மீனு வெலை பேசிக்கிட்டிருந்தாங்க. துக்கம் விசாரிக்கலாம்னு போனேன், உடுப்பைப் பாத்துட்டு, அவங்களுக்கு இன்னும் சேதியே போகலபோல, நம்ம வாயால சொல்ல வேணாம்னு வந்துட்டேன்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கசியானோவை அடக்கம் செய்த வாரம் அவரே இரண்டு தரம் லிமாவுக்குப் போய் வந்தாராம். பாதை எங்கும் அடைக்கவில்லையாம். நான்தான் முட்டாள், உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே யோசித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் நம் மலையில் ஏது மதினி பெருமழை? ஒரு மேகம் கிடையாது. லிமாவுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷத்தில் மழை எந்த மாதம் பெய்யும் என்பதுகூட மறந்துவிட்டதா?

நீங்கள் உங்கள் தம்பிக்காக எத்தனை நாள் கறுப்பு உடுத்தினீர்கள்? ஒரு மாதமா, ஒரு வாரமா? நான் கேட்பது இந்த ஒன்றுதான். எனக்கு மூன்று வருஷத்துக்குத் தாங்கும் துப்பட்டா அனுப்பியவர் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை பட்டப்பகலில் என்னை அவமானப்படுத்த என் வாசலில் வந்து தகரம் தட்டினார்கள். பெரியவர்கள், மாதாவின் சபையைச் சேர்ந்தவர்கள். கழுத்தில் ஜெபமாலை, கையில் குண்டான். பாஸ்குவால் கொப்பரையைக் கட்டி வைத்துவிட்டார். கறுப்போடு என்னைக் கூட்டிக்கொண்டு போனால் போகிற ஊரிலும் ஓலை வாசிக்க மாட்டார்கள் என்பதால்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

பதில் எழுதுங்கள்.

விசெந்தா


லிமா
22 டிசம்பர் 1957

விசெந்தாவுக்கும் தெலியாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக்கள். நலமாக இருக்கிறேன். வேலை அதிகம். தெலியாவுக்கு ஒரு பொம்மை அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதைப் படித்தேன். இனிமேல் கேட்காதே.

எர்மீனியா


வில்காபாத்தா
17 பிப்ரவரி 1958

எர்மீனியா அவர்களுக்கு,

நான் மிக நலம். இன்றைக்கு இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றபோது, சதுக்கத்தின் நடுவில் போய் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. முதலில் துப்பட்டாவைக் கழற்றினேன். பிறகு மேல்சட்டை. பிறகு பாவாடை, அதன் கீழேயே பச்சையை உடுத்தியிருந்தேன். கடைசியாகத் தொப்பியிலிருந்து கறுப்பு ரிப்பன். ஒவ்வொன்றையும் மடித்து மடித்துக் கல்மேல் வைத்தேன். ரிப்பன் முடிச்சு அவிழவே இல்லை, பல்லால் கடித்து இழுத்தேன்.

பிறகு ரெமேதியா, "அடிப்பாவி! செத்தவன் கண்ணு முன்னாடியே!" என்று கத்திக்கொண்டு வந்து என் காலடியில் துப்பினாள். நான், "செத்தவர் பாத்துக்கிட்டிருந்தா, என் வாசல்ல நீங்க தட்டுன தகரத்தையும் பாத்திருப்பாரு" என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சாமியார் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மாதா சபைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ எறிந்த சாணி முதுகில் பட்டது.

பாஸ்குவால் மறுநாள் பயணத்துக்கு மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு நின்றார். உதவிக்கு ஓடி வந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அவர் விரல் பட்டிருந்தால் ஒரு ஆண்பிள்ளை உரித்தான் என்று நூறு வருஷத்துக்குச் சொல்வீர்கள். நானேதான் உடுத்தினேன், நானேதான் கழற்றினேன். நல்ல மழை பிடித்துக்கொண்டது. பச்சையிலிருந்து ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை.

இன்று எலாதியோவின் லாரியில் சிக்குவானிக்குப் போகிறோம். அங்கே என்னைக் கறுப்பில் பார்த்தவர் யாருமில்லை. ஓலை அங்கே வாசிப்பார்கள்.

இத்துடன் வரும் மூட்டையில் எல்லாம் இருக்கிறது. இரண்டு பாவாடை, இரண்டு மேல்சட்டை, பழைய துப்பட்டா, நீங்கள் அனுப்பிய புதுத் துப்பட்டா, ரிப்பன். துவைத்துத்தான் அனுப்புகிறேன். நான் பதினெட்டு மாதம் உடுத்தினேன். உங்கள் தம்பிக்கு அது போதாது என்றால் மிச்சத்தை நீங்கள் உடுத்துங்கள்.

விசெந்தா


லிமா
20 ஏப்ரல் 1958

விசெந்தாவுக்கு,

உன் சிக்குவானி விலாசத்தை எலாதியோவிடம் வாங்கினேன். சுகமா? தெலியா சுகமா? கூட இருக்கும் மூன்றாமவரைக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

மூட்டை மார்ச் ஒன்றாம் தேதி வந்தது. பிரித்ததும் அடுப்பில் போடத்தான் அள்ளினேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் உன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

ஒரு நாள்கூட உடுத்தவில்லை. மழையும் இல்லை, மலையும் சரியவில்லை. தந்தி வந்த அன்று எசமானியிடம் போய் ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். "சனிக்கிழமை இருபது பேருக்கு விருந்து இருக்கு எர்மீனியா, நீ போயிட்டா யாரு சமைப்பா?" என்றாள். கறுப்பாவது உடுத்திக்கொள்கிறேன் என்றேன். "சாவுத் துணியோட என் மேசைக்குப் பரிமாற வருவியா? வர்றவங்களுக்கு சாப்பாடு எறங்குமா?" என்று பெட்டியிலிருந்து புது வெள்ளை உடுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். நான் நினைக்காத நாள் கிடையாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, போக இடமில்லை, பயந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை மளிகை அறைக்குள் போய் மாவு மூட்டையில் முகத்தை வைத்து அழுதுவிட்டு, மாவைத் துடைத்துக்கொண்டு வந்து மீன் பரிமாறினேன்.

அப்போது எனக்கு இருந்த ஒரே ஆறுதல் நீதான். அங்கே விசெந்தா உடுத்தியிருக்கிறாள், என் பங்கையும் சேர்த்து அவள் உடுத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். காலையில் வெள்ளையை மாட்டும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன். நீ கறுப்பைக் கழற்றிவிட்டால் கசியானோவுக்காக உலகத்தில் ஒரு முழம் கறுப்பு இருக்காது. அதற்காகத்தான் வரவில்லை. சாயக்காரன் எல்லாம் எனக்குக் கிடைத்த சாக்கு. உன்னை அசிங்கமாகப் பேசினேன். உன் முற்றத்தில் ஊர் சிரிக்கும் என்று தெரிந்தேதான் வராமல் இருந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் நீ கொடுத்துத் தொலைப்பாய், எனக்கு அது வேண்டாம்.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிறு, உன் பாவாடையையும் மேல்சட்டையையும் உடுத்தினேன். இடுப்பு பற்றவில்லை, ஊக்குக் குத்திக்கொண்டேன். சட்டையின் கை நீளம். அதோடு பகல் விருந்துக்குத் தட்டெடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன இது எர்மீனியா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் எசமானி.

"ஆமாம்மா, என் தம்பி."

"எப்ப?"

"ஒன்றரை வருஷம் ஆச்சு."

"அதுக்கு இன்னிக்கா? போ, போய்க் கழட்டிட்டு வெள்ளையைப் போட்டுக்கிட்டு வா. எல்லாரும் பாக்குறாங்க."

"இதைக் கழட்டச் சொல்ற உரிமை உங்களுக்கு இல்லம்மா" என்றேன்.

அன்று மாலையே பத்தொன்பது வருஷத்துச் சம்பளக் கணக்கு முடிந்தது. இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அறையில் இருக்கிறேன். வீடுகளுக்குத் துணி துவைக்கிறேன். கறுப்போடு வந்து துவைத்தால் இங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை.

அடுத்த வருஷம் மார்ச் இரண்டாம் தேதியோடு எனக்கும் ஒரு வருஷம் ஆகிறது. நீ செய்ததுபோலத் தெருவில் நின்று நானே கழற்றிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும். நீ வேறு வீட்டுக்குப் போய்விட்டாய், உனக்கு இனிமேல் கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவனுக்காக உடுத்தியவள் என்னைத் தவிர நீ ஒருத்திதான்.

மலை பஸ் இங்கே சாயங்காலம் நான்கு மணிக்கு வரும். அன்றைக்கு நான் போய் நிற்பேன். நீ இறங்காவிட்டால் உன்மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய் இன்னொரு வருஷம் உடுத்திக்கொண்டு இருப்பேன்.

உன் மதினி
எர்மீனியா